மச்சானுக்கு மச்சான் யார், தெரியுமா?

கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி எழுந்து, இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. வெற்றிலையை மடித்து வாய்க்குக் கொண்டுபோன அப்பத்தா, எதிரே வந்த இளைஞனைப் பார்த்து அப்படியே கையை நிறுத்தினாள். "ஏப்பா, நீ யாரு மகன்?" அவன் அப்பா பேரையும் ஊரையும் சொன்னான். "உங்க அப்பனப் பெத்தவ பேரு?" அதையும் சொன்னான். அப்பத்தா முகம் மலர்ந்துவிட்டது. "அட, அவ எங்க பெரியப்பா மகள்ல! அப்ப உங்கப்பன் எனக்கு மகன்." அடுத்த நொடி என் முதுகில் ஒரு தட்டு. "டேய், இவன் உனக்கு அண்ணன்டா. கூட்டிட்டுப் போயி பந்தில உக்கார வையி."

வெற்றிலை வாய்க்குள் போகுமுன் கணக்கு முடிந்துவிட்டது! அப்பத்தா கைநாட்டு வைப்பவள். தாளில் ஒரு கூட்டல் போட்டதில்லை. ஆனால் மூன்று தலைமுறை மேலே ஏறி, பக்கவாட்டில் ஒரு வீடு தாண்டி, மறுபடி மூன்று தலைமுறை இறங்கி, முன்பின் தெரியாத ஒருவனை எனக்கு அண்ணனாக்கிவிட்டாள். அவள் மனதில் ஓடிய கணக்கைப் புரிந்துகொள்ள அமெரிக்க, ஐரோப்பிய அறிஞர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்பது தெரியுமா?

அந்தக் கணக்குக்கு ஒரே ஒரு விதிதான். அண்ணனும் தம்பியும் ஒரு கட்சி, அக்காவும் தங்கையும் ஒரு கட்சி. அண்ணனும் தங்கையும் என்று வந்தால் அங்கே ஒரு கோடு விழும். அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. இரண்டு சொல்லிலும் 'அப்பா' இருக்கிறார். அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சின்னம்மா, இரண்டிலும் 'அம்மா'. ஆனால் அப்பாவின் தங்கை? அப்பா என்ற சொல் மறைந்து 'அத்தை' வந்துவிடுகிறது. அம்மாவின் தம்பி 'மாமா' ஆகிவிடுகிறார். கோடு விழுந்துவிட்டது! கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்த பிள்ளைகள் எல்லாம் நமக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. அந்தப் பக்கம் பிறந்தவர்கள் மச்சான், மச்சினி, முறைப்பெண், முறைமாப்பிள்ளை.

இப்போது தலைப்புக்கு வாருங்கள். பங்காளிக்குப் பங்காளி நமக்கும் பங்காளி. பங்காளிக்கு மச்சான் நமக்கும் மச்சான். மச்சானுக்குப் பங்காளியும் மச்சான்தான். சரி, மச்சானுக்கு மச்சான்? பங்காளி! பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் என்று சொல்லித் தந்தபோது வகுப்பே விழித்தது. அதே கணக்கை எங்கள் வீட்டுத் திண்ணையில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்து தினமும் போட்டுக்கொண்டிருந்தார்கள்!

இதே விதியில்தான் சகலையும் ஓரகத்தியும் வருகிறார்கள். அக்கா தங்கையைக் கட்டிய இருவர் சகலைகள். அண்ணன் தம்பி முறை. அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட இருவர் ஓரகத்திகள். அக்கா தங்கை முறை. ஓர் அகத்துக்கு, அதாவது ஒரே வீட்டுக்கு, வந்தவர்கள் ஓரகத்திகள். என்ன துல்லியம்! பெண் கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் பொதுவாக 'சம்பந்தி' என்று ஒரு சொல். இங்கிலீஷில் இந்த மூன்றுக்கும் தனிச்சொல் கிடையாது. மனைவியின் தங்கை கணவர், மகளின் மாமனார் என்று நீட்டி முழக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு குழந்தையை நீங்கள் எப்படிக் கூப்பிடுவது என்பது நீங்கள் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தது. அண்ணனும் தங்கையும் ஒரு தொட்டிலைப் பார்த்து நிற்கிறார்கள். தொட்டிலில் கிடப்பது அவர்களின் இன்னொரு அண்ணன் குழந்தை. ஆணுக்கு அது மகன். பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு அது மருமகன்! அதே தொட்டிலில் அக்கா குழந்தை கிடந்தால் அப்படியே தலைகீழாகிவிடும். பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு 'மருமகன்' என்று பட்டம்! அது வளர்ந்து அத்தை மகளைக் கட்டினாலும் சொல் மாறாது. மாமா மாமனார் ஆவார், அவ்வளவுதான். அத்தை மாமியாரானாலும் வாய் நிறைய 'அத்தை'தான். வருங்காலக் கல்யாணத்துக்குச் சொல் முன்கூட்டியே தயாராக இருக்கிறது. மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் ஊர்களில் 1949, 50-இல் தங்கி ஆராய்ந்த லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1953-இல் இதைத்தான் எழுதினார்: இந்தச் சொற்களை இரத்த உறவின் பட்டியலாக மட்டும் படித்தால் புரியாது, பெண் கொடுத்து எடுக்கும் உறவு தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதைச் சொல்பவை இவை என்று.

ஆனால் துய்மோனுக்கு எண்பது வருஷம் முன்னாலேயே நடந்த கதை இருக்கிறதே, அது மயிர்க்கூச்செறிய வைப்பது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தின் ராச்செஸ்டர் நகரத்தில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்று ஒரு வக்கீல். பக்கத்தில் வாழ்ந்த செனகா என்ற செவ்விந்திய மக்களோடு நெருங்கிப் பழகியவர். அவர்கள் அப்பாவின் அண்ணன் தம்பியையும் 'அப்பா' என்கிறார்கள், அம்மாவின் அக்கா தங்கையையும் 'அம்மா' என்கிறார்கள். ஆனால் அம்மாவின் அண்ணன் தம்பிக்கும் அப்பாவின் அக்கா தங்கைக்கும் வேறு சொல். மார்கன் அசந்துபோனார். உலகத்தில் வேறு யாராவது இப்படிக் கூப்பிடுகிறார்களா? நீளமான கேள்வித்தாளை அச்சடித்துத் தூதரகங்களுக்கும் பாதிரிமார்களுக்கும் அனுப்பினார். "அப்பாவின் தங்கை மகனை எப்படிக் கூப்பிடுவீர்கள்? அம்மாவின் அண்ணன் மகளை?" என்று வரிசையாகக் கேள்விகள். ஆற்காட்டுப் பக்கம் ஊழியம் செய்த ஸ்கடர் குடும்பத்து மிஷனரிகளிடமிருந்து தமிழ்ச் சொற்கள் போய்ச் சேர்ந்தன. மார்கன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று நயாகராவுக்குப் பக்கத்துக் காட்டு மக்களுடையது, மற்றது பாலாற்றங்கரையுடையது. சொற்கள் வேறு, வகுத்த முறை ஒன்று!

1871-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவருடைய மாபெரும் நூலில் நம்முடைய சித்தப்பாவும் அத்தையும் மருமகனும் பட்டியல் பட்டியலாக உட்கார்ந்திருக்கிறார்கள். செவ்விந்தியர்கள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று மார்கன் எண்ணினார். அந்த வாதம் நிற்கவில்லை. உறவுமுறை ஒத்திருப்பதால் மட்டும் இனம் ஒன்றாகிவிடாது. ஆனால் மனித உறவுகளை ஆராயும் ஒரு துறையே அந்தப் புத்தகத்திலிருந்துதான் பிறந்தது. மார்கனின் எழுத்தைக் கார்ல் மார்க்ஸ் குறிப்பெடுத்துப் படித்தார். அந்தக் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு ஏங்கெல்ஸ் 1884-இல் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' எழுதினார். அதில் தென்னிந்தியத் தமிழர்களும் நியூயார்க்கின் செனகா மக்களும் இருநூறுக்கும் மேற்பட்ட உறவுகளை ஒரே விதமாக வகுக்கிறார்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். ஏங்கெல்ஸ் வரைக்கும் எட்டியிருக்கிறார்கள் நம் அத்தையும் மாமாவும்!

கதை அங்கே முடியவில்லை. தமிழ் முறையும் செனகா முறையும் ஒன்றே என்று ஏறத்தாழ நூறு வருஷம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1964-இல் ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி என்ற அமெரிக்க அறிஞர் நுணுகிப் பார்த்து, இல்லை, ஒரு படி தள்ளிப் போனால் இரண்டும் பிரிந்துவிடுகின்றன என்று காட்டினார். அப்பாவின் அத்தை மகனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு அவர் மச்சான். ஆகவே நமக்கு மாமா, அவர் மகள் நமக்கு முறைப்பெண். செனகா முறையிலோ அப்பாவின் ஆண் சொந்தம், அத்தை மகனானாலும் பெரியப்பா மகனானாலும், நமக்கு அப்பா போலத்தான். அவர் மகள் நமக்குத் தங்கை. பெற்றோர் தலைமுறையில் ஆணா பெண்ணா என்று மட்டும் பார்த்துவிட்டு செனகா கணக்கு நின்றுவிடும். தமிழ்க் கணக்கு அதற்கு மேலேயும் விழுந்த கோட்டை மறப்பதில்லை. என் அப்பத்தா தன் பெரியப்பா வரைக்கும் ஏறிப்போனாளே, அது இதற்குத்தான்! தாமஸ் டிராட்மன் 1981-இல் இதைப் பற்றி மட்டுமே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அதன் பெயரே 'திராவிட உறவுமுறை'.

சொற்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் அதிசயங்கள் தனி. தந்தை, தாய், தமையன், தமக்கை, தம்பி, தங்கை. ஆறும் 'த'வில் தொடங்குகின்றனவே, ஏன் தெரியுமா? உள்ளே 'தம்' உட்கார்ந்திருக்கிறது. தம் ஐயன் தமையன், தம் அக்கை தமக்கை, தமக்குப் பின் பிறந்தவன் தம்பி. அதாவது 'தம்பி' என்றாலே 'அவருடைய இளையவன்' என்று பொருள். அப்படியானால் 'என்னுடைய இளையவன்'? அதற்கும் சொல் இருந்தது: எம்பி. உன்னுடைய இளையவன் நும்பி. என் தங்கை எங்கை, உன் தங்கை நுங்கை. என் தந்தை எந்தை, உன் தந்தை நுந்தை. என் அம்மா யாய், உன் அம்மா ஞாய், அவன் அம்மா தாய்! சங்கப் பாடல்களில் இவை சர்வசாதாரணமாகப் புழங்குகின்றன. யாருடைய தம்பி என்று சொல்லாமல் 'தம்பி' என்ற சொல்லே கிடையாது அப்போது. யாருக்கும் உரிமையில்லாத அம்மா உலகத்தில் உண்டா? இன்று நாம் 'என் தம்பி' என்கிறோம். பிரித்துப் பார்த்தால் 'என் அவருடைய இளையவன்'. காலப்போக்கில் 'தம்' கரைந்து சொல்லோடு ஒட்டிப்போய்விட்டது.

இதில் நுந்தைக்கு இலக்கணத்தில் ஒரு தனி சிம்மாசனமே இருக்கிறது. குற்றியலுகரம் என்று படித்திருப்போம். நாடு, பாட்டு என்று சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் உகரம். சொல்லின் முதலில் அது வருமா? ஒரே ஒரு சொல்லில் வரும் என்கிறது தொல்காப்பியம். அந்தச் சொல் 'நுந்தை'. தமிழின் எத்தனையோ ஆயிரம் சொற்களை விட்டுவிட்டு இந்த விலக்கு ஓர் உறவுப்பெயருக்குக் கிடைத்திருக்கிறது. தொல்காப்பியர் இவற்றை 'முறைப்பெயர்' என்றார். இன்றும் ஊரில் "உனக்கு அவன் என்ன முறை?" என்றுதானே கேட்கிறோம். அதே சொல்!

'தம்' ஒளிந்திருக்கும் சொற்களில் ஒன்று மட்டும் பேச்சிலிருந்து போய்க் கோயிலில் தங்கிவிட்டது. தவ்வை. அக்கா என்று பொருள். எவ்வை, நுவ்வை, தவ்வை என்ற வரிசையில் வருவது. திருமகளுக்கு அக்கா மூதேவி. அவளைத் 'தவ்வை' என்றே சொல்கிறார் வள்ளுவர், 167-ஆம் குறளில். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் போன்ற பல்லவர் காலக் கோயில்களில் அவளுக்குச் சிலை உண்டு. ஒரு காலத்தில் கும்பிட்ட தெய்வம் அவள். இன்று அந்தப் பெயரை வசவாக்கிவிட்டோமே என்று எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு.

பேரன் என்பது பெயரன்; தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். மாமனார் பெயரை வாயால் சொல்லாத காலத்தில், அதே பெயர் வைத்த சொந்த மகனைக்கூட மருமகள்கள் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'ராசா', 'ஐயா', 'பெரியவரே' என்றே வளர்த்தார்கள். பேரனுக்குப் பின்னால் கொள்ளுப்பேரன், அதற்கும் பின்னால் எள்ளுப்பேரன். கொள்ளு, பிறகு அதைவிடச் சின்னதாக எள்ளு! இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். பரன், பரை என்று பாட்டனுக்குப் பாட்டன் பெயர்களை அடுக்கி, அதனால்தான் 'பரம்பரை' என்ற சொல் வந்தது என்று ஒரு பட்டியல் கைபேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பரம்பரை என்பது ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்த சொல். நம்மிடம் உண்மையான அதிசயங்களே இத்தனை இருக்கும்போது இட்டுக்கட்டியது எதற்கு? அதேபோல 'தாயாதி' என்ற சொல்லில் இருப்பது தாய் அல்ல, 'தாயம்'. பிதிரார்ஜிதச் சொத்து. தாயாதியும் பங்காளியும் ஒரே கருத்து: பங்குக்கு உரியவன். வயல் வரப்பில் பங்காளிச் சண்டை வருவதற்கான காரணம் சொல்லிலேயே எழுதியிருக்கிறது!

அந்தத் 'தாயம்' குமரி மாவட்டத்தில் வேறு விதமாகப் பேசியது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து மகனுக்குப் போகாமல் அக்கா தங்கை மகனுக்கு, அதாவது மருமகனுக்குப் போனது. மருமக்கள்தாயம் என்று பெயர். பெற்ற பிள்ளைகளும் மனைவியும் பட்ட பாட்டைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடினார். 1926-இல் திருவிதாங்கூர் சட்டம் அந்த வழியை மாற்றியது.

ஊருக்கு ஊர் சொல் மாறுவதைப் பார்த்தால் தலை சுற்றும். 'அப்பச்சி' என்றால் செட்டிநாட்டில் அப்பா. கொஞ்சம் மேற்கே போய்க் கொங்கு நாட்டில் 'அப்புச்சி' என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா. 'ஆச்சி' திருநெல்வேலியில் பாட்டி, நகரத்தார் வீட்டில் அக்கா. அண்ணன் மனைவி சென்னையில் அண்ணி, நெல்லையில் மதினி, கொங்கில் நங்கை, பிராமணர் வீட்டில் மன்னி. அதே பிராமணர் வீட்டில் மாமா மகன் அம்மாஞ்சி, மாமா மகள் அம்மங்கா, அத்தை மகள் அத்தங்கா. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் 'காக்கா' என்றால் அண்ணன், 'ராத்தா' என்றால் அக்கா. யாழ்ப்பாணத்தில் பாட்டி யார் பக்கம் என்ற குழப்பமே கிடையாது: அப்பம்மா, அம்மம்மா. அங்கேயே 'ஆசையம்மா', 'குஞ்சியப்பு' என்று சித்தி சித்தப்பாவுக்குக் கொஞ்சலும் சேர்ந்த பெயர்கள். எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான்.

இலங்கை என்றதும் இன்னோர் ஆச்சரியம். சிங்களம் இந்தி, வங்காளி போல வடபுலத்து மொழிக் குடும்பம். ஆனால் உறவை வகுக்கும் விதம் நம்முடையது! பெரியம்மா 'லொக்கு அம்மா', அதாவது பெரிய அம்மா. சின்னம்மா 'புஞ்சி அம்மா', சின்ன அம்மா. மச்சான் 'மஸ்ஸினா'. அக்கா அக்காவேதான். ஆனால் அங்கே 'தாத்தா' என்றால் அப்பா, 'ஐயா' என்றால் அண்ணன். கொழும்பில் ஒரு சிறுவன் "தாத்தா" என்று ஓடிவந்தால், முப்பது வயதுக்காரர் திரும்பிப் பார்ப்பார். நேர்மாறாக, இந்தி பேசும் நாட்டில் மாமா மகளும் தங்கைதான், கட்டுவது என்ற பேச்சே எழாது.

1955-இன் இந்து திருமணச் சட்டமும் அண்ணன் தங்கை பிள்ளைகள் மணந்துகொள்வதைத் தடை செய்யப்பட்ட உறவு என்றே சொல்கிறது. கூடவே, 'இருவரின் வழக்கமும் அனுமதித்தால் தவிர' என்று ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது. நம் முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் அந்த வாசல் வழியாகத்தான் சட்டத்துக்குள் நுழைகிறார்கள். ஆனால் மரபணுவுக்கு இந்தக் கோடு தெரியாது. தங்கை முறையான சித்தப்பா மகளோடும் கட்டும் முறையான மாமா மகளோடும் நாம் பங்கிட்டுக்கொள்ளும் மரபணு சராசரியாக ஒரே அளவு, எட்டில் ஒரு பங்கு. அக்கா மகள் என்றால் நான்கில் ஒரு பங்கு. டாக்டர்கள் சொந்தத்தில் வேண்டாம் என்று எச்சரிப்பது இதனால்தான். அதைக் காதில் வாங்குவது நல்லது. முறைச் சொல் இருக்கிறதே என்பதற்காகக் கட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

இப்போது அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகளுக்கு எல்லாரும் அங்கிள், எல்லாரும் ஆன்ட்டி. அந்தச் சொற்களின் ஊற்றைத் தோண்டினால் என்ன கிடைக்கிறது தெரியுமா? லத்தீனில் நாலு உறவுக்கு நாலு சொல் இருந்தது. அப்பாவின் உடன்பிறந்தான் பாத்ரூஸ், அம்மாவின் உடன்பிறந்தான் அவுன்குலுஸ். அப்பாவின் உடன்பிறந்தாள் அமிதா, அம்மாவின் உடன்பிறந்தாள் மாதெர்தேரா. இதில் அவுன்குலுஸ்தான் பிரெஞ்சு வழியாக அங்கிள் ஆனது. அமிதாதான் ஆன்ட்டி ஆனது. அதாவது அங்கிள் என்றால் மாமா, ஆன்ட்டி என்றால் அத்தை! சித்தப்பாவும் சித்தியும் வழியிலேயே தொலைந்துபோனார்கள். பழைய இங்கிலீஷிலும் நாலு தனித்தனிச் சொற்கள் இருந்தன. நம் கண்ணெதிரே நம் மொழியில் நடந்துகொண்டிருப்பது அங்கே நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்த கதை.

ஆனால் தெருவில் பாருங்கள், உறவுச்சொல் இன்னும் துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. கண்டக்டர் அண்ணன், பூக்காரர் அக்கா, ஆட்டோக்காரருக்கு நாம் தம்பி. காலேஜ் பையன்களுக்குள் எல்லாரும் மச்சான், மாப்ள. அரசியலும் இதை விடவில்லை. அண்ணா கடிதம் எழுதினால் 'தம்பி'க்கு. கலைஞர் எழுதினால் 'உடன்பிறப்பே'. அந்தச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று மூத்தது இளையது பார்க்காமல் கூப்பிடப் பேச்சுத்தமிழில் ஒற்றைச் சொல் கிடையாது. உடன்பிறப்பு மட்டும் ஆண், பெண், மூப்பு, இளமை நான்கையும் ஒரே மூச்சில் அணைத்துக்கொள்கிறது.

போன மாதம் டொராண்டோவிலிருந்து என் மாமா மகள் வீடியோவில் வந்தாள், இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு. என் மகளுக்கு எட்டு வயது. "அப்பா, இந்தப் பாப்பா எனக்கு என்ன வேணும்?" பதில் சொல்ல வாயெடுத்தவன், அப்பத்தாவை நினைத்து நிறுத்திக்கொண்டேன். "நீயே கண்டுபிடி. இவங்க எனக்கு மாமா மக. எந்தக் கட்சி?"

"மாமன் கட்சி."

"உங்கம்மா எனக்கு எந்தக் கட்சி?"

கொஞ்சம் யோசித்தாள். "கட்டிக்கிட்டீங்கள்ல, அப்ப அம்மாவும் மாமன் கட்சி." விரலை மடக்கினாள். இன்னொரு விரலை மடக்கினாள். "அப்ப அவங்களும் அம்மாவும் ஒரே கட்சி. அக்கா தங்கச்சி மாதிரி." அதற்குள் முகம் திரைக்கு இரண்டு அங்குலம் அருகில் போய்விட்டது. "ஏய் பாப்பா! நான் உன் அக்காடீ!"